இ.ஐ.சி.ஆர். ரிப்போர்ட்டில் வீடு ஃபெயிலா? குறை குறையாக எதிர்த்துக் கேட்கும் முறை

கிழக்கு லண்டனில் நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு மின்சாரச் சோதனை ரிப்போர்ட் (இ.ஐ.சி.ஆர். என்பது இதுதான்) ஒரு வெள்ளிக்கிழமை மாலை மெயிலில் வந்தது. முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ‘அன்சாட்டிஸ்ஃபேக்டரி’, அதாவது திருப்தியில்லை. கூடவே அதே கம்பெனியின் கொட்டேஷன்: புது ஃபியூஸ் பாக்ஸ், கேஸ் பைப்புக்கு எர்த் இணைப்பு, கிச்சன் வயரிங் சரிசெய்தல், எல்லாம் சேர்த்து 1,640 பவுண்டு. பத்தொன்பது வருஷமாக ஒரு ஃபியூஸ் கூடப் போகாத வீடு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கோபத்தில் எழுதிய முதல் மெயிலை நல்லவேளை அனுப்பவில்லை. இல்ஃபோர்டில் முப்பது வருஷமாக எலக்ட்ரீஷியனாக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். “தம்பி, முழு ரிப்போர்ட்டும் பிழை எண்டு எழுதினா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம். ஒவ்வொண்டா எடுங்கோ” என்றார். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வரியின் விரிவுதான்.

இதில் சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் இதேபோன்ற சோதனை உண்டு, ஆனால் விதிகள் தனி. குறைகளுக்குக் கோட் (சி1, சி2 போன்ற தரக்குறி) போடும் முறை மட்டும் நாலு இடத்திலும் ஒன்றுதான், ஏனென்றால் எல்லாருக்கும் அடிப்படை பி.எஸ். 7671 என்ற ஒரே வயரிங் தரநிலை.

முதல் படி: காலண்டரை எடுங்கள்

2020-ல் வந்த விதிகளின்படி வாடகை வீட்டின் நிலையான வயரிங்கை அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். ரிப்போர்ட் ‘அன்சாட்டிஸ்ஃபேக்டரி’ என்று வந்தால் குறைகளை 28 நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும். ரிப்போர்ட்டிலேயே அதைவிடக் குறைந்த கெடு போட்டிருந்தால் அதற்குள். பலரும் தவறவிடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. அந்த 28 நாள் ஓடத் தொடங்குவது சோதனை நடந்த தேதியிலிருந்து. ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்த தேதி கணக்கில் இல்லை. எனக்கு ரிப்போர்ட் வந்தபோது ஒன்பது நாள் ஏற்கெனவே போயிருந்தது.

நீங்கள் ஆட்சேபம் எழுதிவிட்டால் அந்தக் கெடு நின்றுவிடும் என்று விதிகளில் எங்கும் இல்லை. அதனால் சண்டையும் வேலையும் ஒரே நேரத்தில்தான் நடக்க வேண்டும். விதிகளை மீறினால் உள்ளூர் கவுன்சில் போடக்கூடிய அபராதத்தின் உச்சம் 2020-ல் 30,000 பவுண்டாக இருந்தது, 2025 நவம்பரில் அது 40,000 ஆனது. சாதாரணமாக அவ்வளவு போடமாட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் நான் தூங்க மாட்டேன்.

சி1 என்று ஒரு குறையாவது இருந்தால் அதைப் பற்றி வாதமே வேண்டாம். சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது, தொட்டால் ஷாக் அடிக்கும் நிலை என்று பொருள். ஃபியூஸ் பாக்ஸின் முகப்பில் ஒரு மூடி இல்லாமல் விரல் நுழையும் ஓட்டை இருந்தால் அது சி1. அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு அபாயத்தை நீக்கிவிட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இரண்டாம் படி: ரிப்போர்ட்டைப் பின்னாலிருந்து படியுங்கள்

எல்லாரும் முதல் பக்கத்தின் முடிவைப் பார்த்துவிட்டு, குறைகள் பட்டியலைப் பார்த்துவிட்டு, கொட்டேஷனுக்குப் போய்விடுகிறோம். வாதத்துக்கு வேண்டிய சரக்கு இருப்பது கடைசிப் பக்கங்களில், எண்கள் நிறைந்த டெஸ்ட் ரிசல்ட் அட்டவணையில். அதற்கு ஐந்தாம் படியில் வருகிறேன். இப்போதைக்கு மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள்.

‘ஏ’ பிரிவில் வாடிக்கையாளர் பெயர் யார்? ஏஜென்ட் மூலம் ஏற்பாடு செய்திருந்தால் அங்கே ஏஜென்டின் பெயர் இருக்கக்கூடும். அப்படியானால் உங்கள் கடிதம் இருவருக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் “நீங்கள் எங்கள் கஸ்டமர் இல்லையே” என்ற பதில் வரும்.

‘டி’ பிரிவில் சோதனையின் எல்லைகள் இருக்கும். எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை, பார்க்காமல் விட யாருடன் பேசி ஒத்துக்கொண்டோம் என்று எழுத வேண்டும். என் ரிப்போர்ட்டில் ‘மாடி அறை பூட்டியிருந்தது’ என்று இருந்தது. குடியிருப்பவரைக் கேட்டால், அந்த அறைக்குப் பூட்டே கிடையாது. சிறிய விஷயம்தான், ஆனால் சோதித்தவர் மாடிக்கே போகவில்லையோ என்ற சந்தேகத்துக்கு முதல் விதை அதுதான்.

‘கே’ பிரிவில் குறைகளும் கோட்களும். சி1 உடனடி ஆபத்து. சி2 இப்போது இல்லை, ஆனால் ஆபத்தாக மாறக்கூடியது. சி3 மேம்படுத்தினால் நல்லது. எஃப்.ஐ. என்றால் சந்தேகம் இருக்கிறது, தாமதமில்லாமல் மேலும் ஆராய வேண்டும். சி1, சி2, எஃப்.ஐ. இதில் ஒன்று இருந்தாலும் வீடு ஃபெயில். சி3 ஐம்பது இருந்தாலும் பாஸ். ஆகவே உங்கள் சண்டை முழுவதும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கும்: அந்த சி2 உண்மையில் சி3-ஆ?

மூன்றாம் படி: குறைகளைப் பிரியுங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு குறையையும் எழுதி, உங்கள் மறுப்பு எந்த வகை என்று பக்கத்தில் குறியுங்கள். மூன்று வகைதான் உண்டு. ‘அப்படி ஒரு குறையே இல்லை’ என்பது ஒன்று. ‘குறை இருக்கிறது, கோட் கூடுதல்’ என்பது இரண்டாவது. ‘குறையும் சரி, கோடும் சரி, ஆனால் நீங்கள் சொல்லும் வேலையும் விலையும் தேவையில்லை’ என்பது மூன்றாவது. முதலாவதுக்கு ஆதாரம் போட்டோவும் அளவீடும். இரண்டாவதுக்கு தரநிலையும் வழிகாட்டியும். மூன்றாவதுக்கு இன்னொரு கொட்டேஷன் போதும், வாதமே தேவையில்லை. இந்த மூன்றையும் ஒரே மெயிலில் குழப்பிக் கொட்டுவதால்தான் பாதிப் புகார்கள் பதிலில்லாமல் போகின்றன.

என் தாளில் இருந்தவை: பிளாஸ்டிக் ஃபியூஸ் பாக்ஸ் சி2. லைட் சர்க்யூட்டுக்கு ஆர்.சி.டி. (கரண்ட் கசிந்தால் நிறுத்தும் கருவி) இல்லை, சி2. கேஸ் பைப்புக்கு எர்த் இல்லை, சி2. கிச்சன் ரிங் சர்க்யூட் அறுந்திருக்கிறது, சி2. மாடி லைட் சர்க்யூட்டில் இன்சுலேஷன் அளவு குறைவு, எஃப்.ஐ.

நான்காம் படி: கோட்-ஐ எதிர்ப்பது

‘எலக்ட்ரிக்கல் சேஃப்டி ஃபர்ஸ்ட்’ என்ற தொண்டு நிறுவனம் ‘பெஸ்ட் பிராக்டிஸ் கைடு 4’ என்று ஒரு கையேட்டை இலவசமாக வெளியிடுகிறது. வீடுகளில் எந்தக் குறைக்கு எந்தக் கோட் பொருந்தும் என்று உதாரணங்களோடு சொல்கிறது. சட்டம் அல்ல, ஆனால் தொழிலில் இருப்பவர்கள் மதிக்கும் ஆவணம். அதிலிருந்து விலகிக் கோட் போட்டவர் ஏன் விலகினேன் என்று சொல்ல முடிய வேண்டும். இதை டவுன்லோட் செய்யாமல் கடிதம் எழுத உட்காராதீர்கள்.

இன்னொரு ஆயுதம் பி.எஸ். 7671-இன் முன்னுரையிலேயே இருக்கிறது: பழைய பதிப்புகளின்படி போடப்பட்ட வயரிங் இன்றைய பதிப்போடு எல்லா வகையிலும் ஒத்துப்போகாமல் இருக்கலாம், அதனாலேயே அது பாதுகாப்பற்றது என்றோ மாற்றியாக வேண்டும் என்றோ பொருளல்ல. ‘இது இப்போதைய விதிப்படி இல்லை’ என்பது மட்டுமே காரணமாக எழுதப்பட்ட எந்த சி2-ஐயும் இந்த ஒரு வரியை வைத்துக் கேள்வி கேட்கலாம். சோதிப்பவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதனால் யாருக்கு, எப்படி ஆபத்து வரும்?

அதிகம் சண்டை வரும் குறை பிளாஸ்டிக் ஃபியூஸ் பாக்ஸ். புதிதாகப் போடும் பெட்டி எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தபின், பழைய பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்தாலே சி2 போடுபவர்கள் இருக்கிறார்கள். பெட்டி மரப் படிக்கட்டின் கீழோ, வெளியேற இருக்கும் ஒரே வழியிலோ இருந்தால் சி3. அதற்குள் கம்பி தளர்ந்து கருகிய தடம் இருந்தால் சி2. பிளாஸ்டிக் என்பதற்காக மட்டும் சி2 கிடையாது. என் பெட்டி படிக்கட்டின் கீழ்தான் இருந்தது. கருகல் எதுவும் இல்லை, ரிப்போர்ட்டிலும் அப்படி எழுதவில்லை. ஆகவே சி3.

ஆர்.சி.டி. விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. நம் ஊரில் ஆர்.சி.சி.பி. என்றும் பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்றும் சொல்வது இதைத்தான், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்தும் கருவி. தோட்டத்தில் புல்வெட்டும் மெஷினுக்குக் கரண்ட் எடுக்கக்கூடிய சாக்கெட்டுக்கு இது இல்லையென்றால் சி2 நியாயம், அதோடு வாதாட வேண்டாம். வீட்டுக்குள்ளே மட்டும் பயன்படும் மற்ற சாக்கெட்டுகளுக்கு இல்லை, சுவருக்குள் புதைந்த கேபிளுக்கு இல்லை, லைட் சர்க்யூட்டுக்கு இல்லை என்றால் பொதுவாக சி3. பாத்ரூமில் ஆர்.சி.டி.யும் இல்லை, உலோகப் பைப்புகளை இணைக்கும் துணை எர்த் கம்பியும் இல்லை என்றால் மறுபடி சி2. துணை எர்த் ஒழுங்காக இருந்தால் சி3. ‘ஆர்.சி.டி. இல்லை’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் எந்த சர்க்யூட்டுக்கு, எந்த இடத்துக்கு என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் கோட் இருக்கிறது.

எர்த் கம்பி மெலிதாக இருப்பதும் இப்படித்தான். கேஸ், தண்ணீர் பைப்புக்குப் போகும் முக்கிய எர்த் இணைப்பு இல்லவே இல்லை என்றால் சி2. இருக்கிறது, 10 சதுர மில்லிமீட்டருக்குப் பதில் 6 தான், சூடான தடம் எதுவும் இல்லை என்றால் சி3. சிவப்பு, கறுப்பு நிறத்தில் பழைய கம்பிகள் இருப்பதற்கு கோடே இல்லை. பழுப்பு, நீல நிறங்கள் இங்கே வந்தது 2004-ல்தான். அதற்கு முந்தைய வீடுகள் எல்லாம் சிவப்பு கறுப்புதான். அதைக் குறையாக எழுதியவரின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

எதிர்த்தால் தோற்கும் இடங்களும் உண்டு. எர்த் கம்பி இல்லாத லைட் சர்க்யூட்டில் உலோக விளக்கு மாட்டியிருப்பது, இரண்டு சர்க்யூட்டுகள் ஒரே நியூட்ரலைப் பகிர்வது, பழைய ரப்பர் கேபிளில் உறை உதிர்வது. இவற்றுக்கு சி2 வந்திருந்தால் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஐந்தாம் படி: எண்களோடு உட்காருங்கள்

‘அப்படி ஒரு குறையே இல்லை’ என்ற வகைக்கு இப்போது வருவோம். கேஸ் பைப்பின் எர்த் எனக்குச் சுலபமாக அமைந்தது. மீட்டரிலிருந்து 600 மில்லிமீட்டருக்குள் அந்தக் கிளாம்ப் இருக்க வேண்டும் என்பது விதி. கிச்சன் கேபினட்டின் பின்பலகையில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றினால் பச்சை மஞ்சள் கம்பியும், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பும், அதில் தொங்கும் எச்சரிக்கைத் தகடும் தெரியும். டேப்பை வைத்து அளந்து இரண்டு போட்டோ எடுத்தேன். வேறு வாதம் தேவைப்படவில்லை.

டெஸ்ட் ரிசல்ட் அட்டவணையைப் படிக்க எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் பொறுமை போதும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் எந்த பிரேக்கர், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். உங்கள் ஃபியூஸ் பாக்ஸைத் திறக்காமல், முகப்பு மூடியை மட்டும் தூக்கி, பிரேக்கர் மேல் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். ‘பி32’ என்று இருப்பதை ‘சி32’ என்று எழுதியிருந்தால் விஷயம் பெரிது. எர்த் ஃபால்ட் லூப் என்ற அளவு (கசியும் கரண்ட் எர்த் வழியாகத் திரும்பும் பாதையின் தடை) பி32-க்கு 1.37 ஓம் வரை இருக்கலாம், சி32-க்கு அதில் பாதி, 0.68 ஓம்தான். 0.9 ஓம் காட்டும் நல்ல சர்க்யூட் ஒரு எழுத்துப் பிழையால் ஃபெயிலாகிவிடும். (பிரேக்கரின் ‘சி’ வேறு, குறைக்கான ‘சி’ வேறு. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.)

ரிங் சர்க்யூட் என்று இங்கே ஒரு வினோதம் உண்டு. நம் ஊரில் அதிகம் பார்க்காதது. ஃபியூஸ் பாக்ஸிலிருந்து புறப்படும் கேபிள் எல்லா சாக்கெட்டையும் சுற்றிவிட்டு மறுபடி அதே பெட்டிக்கு வந்து சேரும். அட்டவணையில் அதற்கு மூன்று எண்கள் இருக்கும், லைன், நியூட்ரல், எர்த் மூன்று வளையங்களின் தடை. வழக்கமான 2.5/1.5 கேபிளில் எர்த் கம்பி மெலிது, அதனால் அதன் எண் மற்ற இரண்டைப் போல சுமார் 1.67 மடங்கு இருக்கும். லைன் 0.30 என்றால் எர்த் 0.50. மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால், அல்லது மூன்று வெவ்வேறு சர்க்யூட்டுகளுக்கு ஒரே எண்கள் எழுதியிருந்தால், அளந்து எழுதியதா என்று கேட்க உங்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது.

இன்சுலேஷன் அளவு 500 வோல்ட் டி.சி. கொடுத்து எடுப்பது. 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. எனக்கு எஃப்.ஐ. வந்த மாடி லைட் சர்க்யூட்டில் 0.6 என்று எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு டிம்மர் சுவிட்சும் நாலு எல்.இ.டி. விளக்குகளும் இருக்கின்றன. இவற்றைக் கழற்றாமல் அளந்தால் எண் குறைவாகத்தான் காட்டும், கேபிள் நன்றாக இருந்தாலும். ‘அளக்கும்போது டிம்மரும் விளக்குகளும் இணைப்பில் இருந்தனவா?’ என்று ஒரு வரி கேட்டேன்.

மூன்று பெட்ரூம் வீட்டை ஒழுங்காகச் சோதிக்க சில மணி நேரமாவது ஆகும். குடியிருப்பவர் கதவைத் திறந்துவிட்ட நேரம், ஆள் கிளம்பிய நேரம் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் “அண்ணா, கரண்ட்காரர் வந்தாச்சு”, “கிளம்பிட்டார்” என்று இரண்டு மெசேஜ் இருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். என் வீட்டில் ஐம்பது நிமிஷம். தொழிலில் இதை ‘டிரைவ் பை’ என்று கிண்டலாகச் சொல்வார்களாம், காரில் போகிற போக்கில் பார்த்த மாதிரி.

ஆறாம் படி: கடிதம்

போனில் பேசாதீர்கள். பேசினாலும் அன்றே மெயிலில் சுருக்கம் அனுப்பிவிடுங்கள். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், நான் எழுதியதன் சாரம் இது:

‘குறை எண் 1, பிளாஸ்டிக் பெட்டி. சி2 என்று குறித்திருக்கிறீர்கள். கருகலோ தளர்ந்த இணைப்போ ரிப்போர்ட்டில் பதிவாகவில்லை. கைடு 4-இன்படி இது சி3 என்று புரிந்துகொள்கிறேன். சி2-க்கு வேறு காரணம் இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். குறை எண் 3, கேஸ் எர்த். போட்டோ இணைத்துள்ளேன், கிளாம்ப் மீட்டரிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ரிப்போர்ட்டைத் திருத்தித் தரவும். குறை எண் 5, அளவீடு எடுத்த விதத்தைத் தெரிவிக்கவும். ஏழு நாளுக்குள் பதில் வேண்டும், 28 நாள் கெடு இன்ன தேதியில் முடிகிறது.’

‘பணம் பிடுங்கப் பார்க்கிறீர்கள்’ போன்ற வார்த்தை ஒன்றுகூட வேண்டாம், மனதில் ஆயிரம் இருந்தாலும். சோதித்தவரின் தகுதியையும் இதிலேயே கேட்கலாம். வயரிங் போடத் தெரிந்த எல்லாருக்கும் சோதிக்கும் தகுதி கிடையாது. ‘சிட்டி அண்டு கில்ட்ஸ் 2391’ போன்ற சோதனைக்கான தனிப் படிப்பு இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதை அல்ல.

திருத்தம் வந்தால் அது திருத்திய ரிப்போர்ட்டாக வர வேண்டும், தேதியோடும் கையெழுத்தோடும். ‘சரி, அதை சி3-ஆக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மெயிலில் ஒரு வரி வந்தால் கவுன்சிலிடம் அது செல்லாது.

ஏழாம் படி: இரண்டாவது ஆள்

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ இன்னொரு எலக்ட்ரீஷியன். எடுத்த எடுப்பில் இன்னொரு முழு இ.ஐ.சி.ஆர். எடுக்கத் தேவையில்லை. முதல் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, சர்ச்சையில் இருக்கும் குறைகளை மட்டும் பார்த்து எழுத்தில் சொல்லச் சொல்லலாம். செலவும் குறைவு. ஃபெயில் ரிப்போர்ட்டை மறைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிப் பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். முதல் ரிப்போர்ட் மறைந்து போகாது. ஏஜென்டின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, வீட்டில் ஏதாவது நடந்தால் முதலில் வெளியே வருவது அதுதான்.

ஏற்றுக்கொண்ட குறைகளை அதே கம்பெனிதான் சரிசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தகுதியுள்ள யாரும் செய்யலாம். வேலை முடிந்ததும் அவர் தரும் சான்றிதழை (சிறு வேலைக்கு ‘மைனர் ஒர்க்ஸ்’, புது ஃபியூஸ் பாக்ஸ் போன்றவற்றுக்கு ‘இன்ஸ்டலேஷன் சர்டிஃபிகேட்’) பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்தால் போதும், மறுபடி இ.ஐ.சி.ஆர். தேவையில்லை. அந்த எழுத்துபூர்வ உறுதியை வேலை முடிந்த 28 நாளுக்குள் குடியிருப்பவருக்கும் கவுன்சிலுக்கும் அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்து மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

எட்டாம் படி: மேலே போவது

கம்பெனி என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற, எலக்ட்ரீஷியன்களைப் பதிவு செய்யும் அமைப்பில் பதிவு பெற்றதா என்று அவர்கள் இணையதளத்தில் தேடினால் தெரிந்துவிடும். இருந்தால் அங்கே புகார் கொடுக்கலாம். முதலில் கம்பெனிக்கே எழுதி வாய்ப்பு கொடுத்தீர்களா என்றுதான் கேட்பார்கள். உங்கள் ஆறாம் படிக் கடிதம் அங்கே கைகொடுக்கும். எந்த அமைப்பிலும் இல்லாத ஆள் என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் உதவி எண் வழியாக, வியாபார முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் போகும்.

சோதனைக்குக் கொடுத்த பணமோ, தேவையில்லாமல் செய்ய வைத்த வேலையின் பணமோ திரும்ப வேண்டும் என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு தொகை வழக்கு. 10,000 பவுண்டு வரை, வக்கீல் இல்லாமலே போகலாம். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம், வீடு வாடகைக்கு விடுவதைத் தொழிலாகச் செய்பவருக்கு 1982-ஆம் ஆண்டு சேவைச் சட்டம். இரண்டும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. வழக்குக்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு இறுதிக் கடிதம் அனுப்புங்கள். அந்தக் கடிதத்திலேயே பல விஷயங்கள் முடிந்துவிடும்.

கவுன்சில் உள்ளே வந்துவிட்டால்

இது வேறு பாதை, இங்கே கெடுக்கள் கறார். குறையைச் சரிசெய்யவில்லை என்று கவுன்சில் கருதினால் ‘ரெமெடியல் நோட்டீஸ்’ அனுப்பும், 28 நாளுக்குள் செய் என்று. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நான் முன்னே சொன்னதற்கு மாறாக, இந்த ஆட்சேபம் நோட்டீஸை நிறுத்திவைக்கும், கவுன்சில் பரிசீலித்து முடிக்கும்வரை. நிராகரித்தால் தகவல் வந்த நாளிலிருந்து 21 நாளில் வேலை முடிய வேண்டும். திருத்திய ரிப்போர்ட், இரண்டாவது எலக்ட்ரீஷியனின் கடிதம், போட்டோக்கள் எல்லாம் இங்கேதான் உதவும். அபராதம் போட்டேவிட்டால் 28 நாளுக்குள் ஃபர்ஸ்ட் டியர் டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போகலாம்.

குடியிருப்பவராக இதைப் படித்தால்

உங்கள் சிக்கல் நேர் எதிராக இருக்கும்: சுவிட்ச் சூடாகிறது, ஆனால் ரிப்போர்ட் பாஸ் என்கிறது. ரிப்போர்ட்டின் நகல் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. சோதனை நடந்த 28 நாளுக்குள் தந்திருக்க வேண்டும். வந்த நேரம் போன நேரம், திறக்காத அறைகள், ஒரே மாதிரி எண்கள் என்று மேலே சொன்ன அதே கண்ணோடு படியுங்கள். சூடாகும் சுவிட்சை வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அசையாவிட்டால் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவு.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். கடிதம் போன ஐந்தாம் நாள் திருத்திய ரிப்போர்ட் வந்தது. பிளாஸ்டிக் பெட்டி சி3. லைட் சர்க்யூட் ஆர்.சி.டி. சி3. கேஸ் எர்த் நீக்கம். டிம்மரைக் கழற்றி அளந்ததும் மாடி லைட் 200 மெகாஓமுக்கு மேல் காட்டியது, எஃப்.ஐ. போயிற்று. மிஞ்சியது கிச்சன் ரிங் சர்க்யூட் மட்டும். எனக்கு அதிகம் கோபம் வந்ததே அந்தக் குறையின் மேல்தான். எல்லா சாக்கெட்டும் வேலை செய்கிறது, பிறகு எங்கே அறுந்திருக்கிறது?

இல்ஃபோர்டு அண்ணன் வந்து கெட்டிலுக்குப் பக்கத்து சாக்கெட்டைக் கழற்றினார். பின்னால் பெட்டிக்குள் ஒரு சிவப்புக் கம்பி எதிலும் சேராமல் தனியாக நின்றது. வளையம் ஒரு இடத்தில் அறுந்தால் சாக்கெட்டுகளுக்கு மறுபக்கத்திலிருந்து கரண்ட் வந்துகொண்டுதான் இருக்குமாம், யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு கேபிள் பங்கிட்டுச் சுமக்க வேண்டியதை ஒரே கேபிள் சுமக்கும், அதைக் காக்க இருப்பதோ 32 ஆம்பியர் பிரேக்கர். கெட்டில், வாஷிங் மெஷின், ஓவன் மூன்றும் ஒன்றாக ஓடினால் சுவருக்குள் கேபிள் சூடாகும், பிரேக்கர் விழாது.

“உதை ஆர் மாத்தினது?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன் யூ.எஸ்.பி. வைத்த சாக்கெட் வேண்டும் என்று ஊரிலிருந்து வந்திருந்த மச்சானோடு சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றியது நான்தான். அண்ணன் கம்பியைச் சொருகித் திருகி, மூன்று எண்களையும் மறுபடி அளந்து, மைனர் ஒர்க்ஸ் சான்றிதழில் எழுதினார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.